மடை திருப்பிப் படிப்பது: ஃபீட் ரீடரும் முதல் வலைப்பூவும்

போன மாதம் காஞ்சிக்கோயில் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டே இருந்தார். முகத்தில் எரிச்சல்.

"என்னங் மாமா தேடறீங்க?"

"நேத்து ராத்திரி மஞ்சள்ல கெழங்கழுகல் பத்தி ஒருத்தரு நல்லா எழுதியிருந்தாரு மாப்ள. பாதி படிச்சேன், கண்ணு சொக்கிருச்சு. வெடியால எடுத்துப் பாத்தா ஆளையே காணோம்."

அந்த ஆள் எங்கும் போய்விடவில்லை. எழுதியது எழுதிய இடத்திலேயே இருக்கிறது. அதை மாமாவின் கண்ணில் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற வேலை மட்டும் வேறு யார் கையிலோ இருக்கிறது. அன்று பொழுதோடு அவர் போனில் ஒரு ஃபீட் ரீடர், அதாவது நமக்குப் பிடித்த தளங்களில் புதிதாக வருவதை எடுத்துவந்து காட்டும் செயலி, போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, தானும் ஒரு வலைப்பூ (பிளாக்) எழுத வேண்டும் என்றார். அவருக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஒரு போன், ஒரு மின்னஞ்சல் முகவரி, அரை மணி நேரம் இருந்தால் முதல் பாதி முடிந்துவிடும்.

ஓடை என்பது என்ன

வலைப்பூவோ செய்தித்தளமோ, நாம் பார்க்கிற பக்கத்துக்குப் பின்னால் இன்னொரு சின்னக் கோப்பு இருக்கும். கடைசியாக வந்த இடுகைகளின் தலைப்பு, தேதி, சுட்டி (லிங்க்), பல சமயம் முழு உரை என எல்லாம் ஒரே ஒழுங்கில் அதில் எழுதப்பட்டிருக்கும். புது இடுகை போட்டதும் அந்தக் கோப்பும் தானாக மாறும். இதுதான் ஃபீட். தமிழ்ப் பதிவர்கள் இதைச் செய்தியோடை என்றும், சுருக்கமாக ஓடை என்றும் சொல்லிப் பழகினார்கள். நல்ல பெயர்.

ஃபீட் ரீடரின் வேலை, நீங்கள் கொடுத்த ஓடைகளை ஒவ்வொன்றாக அவ்வப்போது போய் எட்டிப் பார்ப்பது. முன்பு இல்லாதது ஏதாவது இருந்தால் எடுத்துவந்து உங்கள் பட்டியலில் வைக்கும். தேதி வரிசைதான், இடையில் எதையும் நுழைக்காது என்பதுதான் அடிப்படை. நீங்கள் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. பிடிக்காவிட்டால் நீக்கிக்கொள்ளலாம், அவர் மனம் புண்படாது. ஒறம்பரை (உறவினர்) வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தால் வருகிற பேச்செல்லாம் இங்கே கிடையாது.

ஆர்.எஸ்.எஸ். என்ற இந்த ஏற்பாடு 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. 2005-இல் ஆட்டம் என்று இன்னொரு வடிவமும் தரப்படுத்தப்பட்டது. இரண்டில் எது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எல்லா ரீடரும் இரண்டையும் படிக்கும். தமிழில் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பூத் திரட்டி இதே ஓடைகளை வைத்துத்தான் ஓடியது. அது ஊருக்குப் பொதுவான குளம், எல்லாருடைய ஓடையும் வந்து சேரும். இப்போது நாம் வெட்டப்போவது நம் காட்டுக்கு மட்டுமான வாய்க்கால்.

எந்த ரீடர்

இதில் நேரத்தைக் கொல்ல வேண்டாம். ஃபீட்லி அல்லது ஐனோரீடர், இரண்டில் ஒன்று போதும். இரண்டுமே உலாவியிலும் ஓடும், போனிலும் ஓடும். ஒரு இடத்தில் படித்தது மற்ற இடத்திலும் படித்ததாகக் காட்டும். இலவசக் கணக்கில் இத்தனை ஓடைதான் என்று வரம்பு உண்டு. ஆனால் புதியவருக்கு அந்த வரம்பு எட்டவே எட்டாது. எட்டினால் தப்பு உங்கள் பேரில்தான், அதைக் கீழே சொல்கிறேன். கணக்கே தொடங்க வேண்டாம் என்பவருக்கு ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்ற செயலி இருக்கிறது. ஐபோன் என்றால் நெட்நியூஸ்வயர். இரண்டும் திறமூல மென்பொருள்கள், எல்லாம் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும். மாமாவுக்கு ஃபீடர் போட்டேன். காரணம், கடவுச்சொல்லை மறந்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன் போட மாட்டார்.

முதல் ஓடையைச் சேர்ப்பது

பெரும்பாலும் இது சுளுவு. வலைப்பூவின் முகப்பு முகவரியை நகலெடுத்து, ரீடரில் கூட்டல் குறியைத் தொட்டு, அங்கே ஒட்டினால் ரீடரே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காதபோதுதான் புதியவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். அங்கே விட்டுவிடக் கூடாது, முகவரியைக் கையால் அடித்துப் பார்க்க வேண்டும்.

வலைப்பூ நடத்த இடம் தரும் சேவைகள்தான் வேர்ட்பிரஸும் பிளாகரும். வேர்ட்பிரஸ் வலைப்பூ என்றால் முகப்பு முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, அப்புறம் ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்று அடியுங்கள். அவ்வளவுதான். பிளாகர் வலைப்பூ, அதாவது பிளாக்ஸ்பாட் என்று முகவரியில் வருவது என்றால் சாய்கோடு, 'ஃபீட்ஸ்', சாய்கோடு, 'போஸ்ட்ஸ்', சாய்கோடு, 'டிஃபால்ட்'. கவனியுங்கள், வேர்ட்பிரஸில் ஒருமை, பிளாகரில் பன்மை. அந்த ஒரு எழுத்தை விட்டுவிட்டு அரை நாள் தேடியவன் நான்.

முகவரியை உலாவியில் அடித்துப் பார்த்தால் கோண அடைப்புக்குறிகளும் ஆங்கிலமுமாக ஒரு பக்கம் நிரம்பும். தொடக்கூடாததைத் தொட்டுவிட்டோம் என்று மாமா போனைக் கவிழ்த்தே வைத்துவிட்டார். அதுதான் ஓடை, சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். அந்த முகவரியை நகலெடுத்து ரீடரில் ஒட்டுங்கள்.

சில வலைப்பூக்கள் எல்லாவற்றையும் எழுதும். உங்களுக்கு விவசாயம் மட்டும் வேண்டும், அவருடைய சினிமா விமர்சனம் வேண்டாம். பிளாகரில் 'டிஃபால்ட்' என்பதற்கு அப்புறம் சாய்கோடு, ஒரு சிறு கோடு, சாய்கோடு, அதன் பின் அவர் இடுகைக்குப் போட்டிருக்கும் லேபிளை, அதாவது வகைப் பெயரை, அப்படியே எழுதினால் அந்த லேபிள் இடுகைகள் மட்டும் வரும். வேர்ட்பிரஸில் அந்தப் பகுப்பின் பக்கத்துக்குப் போய் அதன் முகவரிக்குப் பின்னால் 'ஃபீட்' சேர்த்தால் போதும்.

வலைப்பூவோடு நிற்க வேண்டியதில்லை. யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு, பல ரீடர்களில் சேனல் பக்கத்தின் முகவரியை ஒட்டினாலே எடுத்துக்கொள்ளும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஆட்டம் ஓடை இருக்கிறது. காலிங்கராயன் கால்வாய் பற்றிய கட்டுரையில் யாராவது கை வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும். யாராவது ஆண்டை மாற்றிவிட்டுப் போனால் பார்த்துத் திருத்தலாம் என்று ஒரு சபலம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஓடையில் பழையதெல்லாம் இருக்காது. வேர்ட்பிரஸ் வழக்கமாகக் கடைசி 10 இடுகைகளை மட்டும் வைத்திருக்கும், பிளாகர் 25. பத்து வருடமாக எழுதுகிறவரை இன்று சேர்த்தால் கடைசிச் சிலதுதான் கிடைக்கும். முந்தியதற்கு அவர் தளத்துக்கே போய்த்தான் படிக்க வேண்டும்.

யாரைச் சேர்ப்பது: இதில்தான் எல்லாரும் சறுக்குவது

ரீடர் கிடைத்த குஷியில் முதல் வேலையாக நாலு நாளிதழ்களைச் சேர்ப்பார்கள். அடுத்த நாள் காலையில் முந்நூறு தலைப்புகள் வந்து கிடக்கும். மூன்றாம் நாள் ரீடரைத் திறக்கவே பயமாக இருக்கும். நானும் முதல் வருடம் இருநூறுக்குப் பக்கமாகச் சேர்த்துவைத்திருந்தேன். படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டியதும் பல ரீடர்கள் சரியான எண்ணைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, ஆயிரத்துக்கு மேல் என்று ஒரு கூட்டல் குறி போட்டுவிடும். அந்தக் கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டே எட்டு மாதம் ஓட்டினேன்.

நாளிதழ்களை எங்கே போனாலும் பார்த்துவிடலாம். டீக்கடையில் கூடக் கிடைக்கும். ஓடை உண்மையில் பயன்படுவது மெதுவாக எழுதுகிறவர்களுக்குத்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எழுதுகிற ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் பக்கத்துக்குத் தினமும் போய்ப் பார்ப்பீர்களா? நாலு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுவீர்கள். அவர் ஐந்தாவது வாரம் எழுதியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ரீடருக்குச் சலிப்பு கிடையாது. என் பட்டியலில் மூன்று வருடமாக ஒன்றுமே வராத ஒரு வலைப்பூ இருந்தது. நொய்யல் கரையின் பழைய அணைக்கட்டுகள், குளங்கள் பற்றி எழுதியவர். போன தை மாதம் ஒரு காலை, ஊத்துக்குளியைத் தாண்டும்போது பஸ்ஸில் பார்க்கிறேன், அவர் பெயருக்கு நேரே ஒன்று என்று எண் நிற்கிறது. வேறு எந்த வழியிலும் அது எனக்குக் கிடைத்திருக்காது. தூங்கிக்கொண்டிருக்கிற வலைப்பூ என்று எதையும் நீக்கிவிடாதீர்கள், அது இடத்தை அடைக்கப்போவதில்லை.

ஆகவே என் கணக்கு இது. இருபது ஓடை. அதில் குறைந்தது பதினைந்து பேர் மாதத்துக்கு நாலு இடுகைக்கு மேல் எழுதாதவர்களாக இருக்கட்டும். செய்தி கட்டாயம் வேண்டும் என்றால் ஒரே ஒரு தளம், அதுவும் முடிந்தால் ஒரு பகுதி மட்டும். எங்கே தேடுவது என்றால், பிடித்த ஒரு வலைப்பூவின் ஓரத்தில் அவர் படிக்கிற மற்ற வலைப்பூக்களின் பட்டியல் பெரும்பாலும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். பின்னூட்டத்தில் உருப்படியாகப் பேசுகிறவரின் பெயரைத் தொட்டுப் பாருங்கள், அவருக்கும் ஒன்று இருக்கலாம். கோவையில் இருந்து பறவை பார்க்கிறவர், அந்தியூர் குதிரைச் சந்தைக்கு வருடா வருடம் போய்ப் படம் எடுக்கிறவர், தன் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று மாதாமாதம் குறித்துவைக்கிறவர், இப்படிப்பட்டவர்கள்தான் இதற்கு ஏற்றவர்கள்.

முறை வைத்துப் படிப்பது

கீழ்பவானி வாய்க்கால் பாசனம் பெறும் ஆயக்கட்டில் சுமார் இரண்டு லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடுவதில்லை. பாதிக்கு ஒரு போகம், மீதிக்கு அடுத்த போகம். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமாவுக்கு அடைவுகளை இப்படித்தான் விளங்கவைத்தேன்.

ரீடரில் கோப்புறை அல்லது அடைவு என்று இருக்கும். தலைப்புவாரியாக, விவசாயம், அரசியல், இலக்கியம் என்று பிரிக்கத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. எப்போது படிப்பேன் என்பதை வைத்துப் பிரித்தேன். 'பஸ்' என்று ஒன்று, சின்ன இடுகைகள் போடுகிறவர்கள் அதில். 'ஞாயிறு' என்று ஒன்று, நீளமாக எழுதுகிறவர்கள். 'சும்மா' என்று மூன்றாவது, தோன்றினால் திறப்பேன். பஸ்ஸில் சிக்னல் போய்ப் போய் வரும் என்பதால், வீட்டில் வைஃபை இருக்கும்போதே முழு உரையையும் இறக்கிவைத்துக்கொள்ளும்படி செயலியின் அமைப்பில் சொல்லிவிட வேண்டும். நான் முதலில் விட்டது இதைத்தான், தலைப்பை மட்டும் பார்த்துக்கொண்டு திருப்பூர் வரை போவேன்.

இன்னொன்று, அந்த எண். படிக்காதது 47 என்று காட்டினால் அது கடன் இல்லை. யாரும் வட்டி கேட்கப்போவதில்லை. எல்லா ரீடரிலும் 'அனைத்தையும் படித்ததாகக் குறி' என்று ஒரு பொத்தான் இருக்கும். வாரக் கடைசியில் 'சும்மா' அடைவில் கூசாமல் அதை அழுத்துங்கள். மாமா மாட்டேன் என்கிறார். "எழுதினவங்க மனசு என்ன பாடுபடும்" என்கிறார். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறார். அது அவர் பாடு.

பட்டியலைக் காப்பாற்றுவது

கூகுள் ரீடர் என்று ஒன்று 2005 முதல் இருந்தது. உலகமே அதில்தான் படித்தது. 2013 ஜூலை 1-இல் மூடிவிட்டார்கள். முன்கூட்டியே சொல்லித்தான் மூடினார்கள். அதற்குப் பின் நான் போய்ச் சேர்ந்த ஒரு குட்டிச் சேவை, பெயர் வேண்டாம், ஒரு நாள் சொல்லாமலே காணாமல் போனது. என் பட்டியல் முழுக்க அதோடு போயிற்று. பாதிப் பேரின் பெயர் இன்று வரை நினைவுக்கு வரவில்லை.

இதற்கு மருந்து ஓ.பி.எம்.எல். என்ற கோப்பு. ரீடரின் அமைப்புகளில் ஏற்றுமதி என்று இருக்கும், தொட்டால் உங்கள் ஓடைகள், அடைவுகள் எல்லாம் ஒரே சிறு கோப்பாக இறங்கும். அதை உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். எந்த ரீடருக்குப் போனாலும் இறக்குமதியில் அதைக் கொடுத்தால் பழையபடி வந்து நிற்கும். பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை எடுத்துவையுங்கள்.

இனி எழுதுவது

இரண்டு மாதம் படித்த பிறகு எழுதத் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். மாமா இரண்டு வாரத்துக்கு மேல் பொறுக்கவில்லை. சரி, கேட்கிறவருக்குச் சொல்லத்தானே வேண்டும்.

பிளாகரா, வேர்ட்பிரஸா என்றால், புதியவருக்குப் பிளாகர். ஜிமெயில் இருந்தால் கணக்கு இருக்கிறது என்று அர்த்தம், காசு கிடையாது. வேர்ட்பிரஸில் வசதி கூட, குழப்பமும் கூட. வலைப்பூவின் பெயர் தமிழிலேயே இருக்கட்டும், முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில், சின்னதாக, போனில் சொன்னால் கேட்கிறவர் பிழையில்லாமல் அடிக்கும்படி. ழகரம் வருகிற சொல்லை முகவரியில் வைக்காதீர்கள். ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள்.

தட்டச்சுக்குப் போனில் ஜிபோர்டு அல்லது செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலி. கணினியில் எழுதுவதாக இருந்தால் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகுங்கள், ஒரு வாரம் கை திணறும், அப்புறம் வாழ்நாள் முழுக்க வேகம். பழைய பாமினி எழுத்துருவில் எதையாவது தட்டிவைத்திருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் படிக்கிறவருக்கு ஆங்கில எழுத்துக் கொத்தாகத் தெரியும்.

முதல் இடுகையை எழுதும் முன் அமைப்புகளில் மூன்று இடம். ஒன்று, நேர மண்டலம். இந்திய நேரம் என்று மாற்றாவிட்டால் இன்று காலை போட்டது நேற்றைய தேதியில் நிற்கும். இரண்டு, பின்னூட்டத்துக்கு மட்டுறுத்தல், அதாவது நீங்கள் பார்த்து விட்ட பிறகே அது வெளியாகும் ஏற்பாடு. எரிதம் (ஸ்பாம்) போடுகிறவர்கள் புதிய வலைப்பூவை எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ தெரியாது. மூன்றாவதுதான் முக்கியம், சைட் ஃபீட் என்ற பகுதி. அதில் முழுமையாக, சுருக்கமாக, வேண்டாம் என்பது போலத் தெரிவுகள் இருக்கும். முழுமையாக என்பதையே வையுங்கள். சுருக்கம் வைத்தால் ஆட்கள் தளத்துக்கு வருவார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ரீடரில் படிக்கிறவன் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். நான் அப்படித்தான் போகிறேன். வாய்க்காலை வெட்டிவிட்டு மடையை அடைத்துவைப்பானேன்?

அப்புறம் தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய ஒரு தொல்லை. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் அந்த இடுகையின் முகவரியை 'பிளாக்-போஸ்ட்' என்று வைத்துவிடும். அடுத்த இடுகைக்கும் அதே, பின்னால் ஒரு எண். நூறு இடுகை ஆன பிறகு முகவரியைப் பார்த்து எது எது என்று கடவுளுக்கும் தெரியாது. வெளியிடும் முன் வலப்பக்கம் பெர்மாலிங்க் என்ற இடத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல், நடுவில் சிறு கோடு போட்டு எழுதுங்கள். மாமாவின் முதல் இடுகை கிணறு பற்றியது. அதற்கு 'கிணறு-ஆழம்' என்று ஆங்கில எழுத்தில் வைத்தோம். வெளியிட்ட பிறகு மாற்றப் போனால் பழைய சுட்டி அறுந்துவிடும், ஆகவே முன்பே செய்யுங்கள்.

வேர்டில் எழுதி ஒட்டாதீர்கள். அதன் எழுத்துரு, அளவு எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ரீடரில் பார்த்தால் ஒரு பத்தி பெரிதாக, ஒரு பத்தி எறும்பாக நிற்கும். ஒட்டிவிட்டீர்கள் என்றால் அனைத்தையும் தெரிவு செய்து வடிவமைப்பை நீக்கும் பொத்தானை அழுத்துங்கள். வெளியிட்ட உடனே உங்கள் வலைப்பூவையே உங்கள் ரீடரில் சேர்த்துவிடுங்கள். படிக்கிறவருக்கு எப்படித் தெரிகிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

பழைய வலைப்பூக்களில் மின்னஞ்சல் முகவரி கேட்கும் ஒரு பெட்டியைப் பார்த்து அதுபோல வேண்டும் என்று மாமா கேட்டார். அவற்றில் பல ஃபீட்பர்னர் என்ற சேவை வழியாக ஓடியவை, அந்த மின்னஞ்சல் சேவை 2021-இல் நின்றுவிட்டது. பெட்டி மட்டும் நிற்கிறது. அதற்குப் பதிலாக, "ஓடையில் படிக்க" என்று எழுதி மேலே சொன்ன 'ஃபீட்ஸ்' முகவரிக்கு ஒரு சுட்டி கொடுத்தோம். வருடத்துக்கு ஒரு முறை அமைப்புகளில் போய் வலைப்பூ முழுவதையும் காப்பு எடுத்துவைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார்.

என்ன எழுதுவது என்று மட்டும் நான் சொல்லவில்லை. அவரிடம் நாற்பது வருட மஞ்சள் இருக்கிறது.

கடைசியாக, புள்ளிவிவரம் என்ற பக்கத்தை முதல் மாதம் திறக்காமல் இருப்பது உத்தமம். நீங்களே திறந்து பார்ப்பதையும் அது எண்ணிக்கொண்டிருக்கும், வேண்டாம் என்று அதே பக்கத்தில் சொல்லிவைக்கலாம். ரீடரில் முழு உரையையும் படித்துவிட்டுப் போகிறவர்கள் அந்தக் கணக்கில் சரியாக வருவதும் இல்லை. இதையெல்லாம் மாமாவிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன்.

"மாப்ள, மூணுன்னு காட்டுது. ஒண்ணு நானு, ஒண்ணு நீயி. அந்த மூணாவது ஆளு யாருன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."